கரியமில வாயுவைக் கடல்நீரில் விடுவதா, கடலடிப் பாறைக்குள் இறக்குவதா?

ஆலையில் பிடித்த கரியமில வாயுவை 3,000 மீட்டருக்கும் கீழே நேராக நீரில் விடலாம்; அல்லது கடல்தரைக்கு அடியில், உப்புநீர் ஊறிய மணற்கல்லுக்குள் கிணறு போட்டு இறக்கலாம். என் ஓட்டு பாறைக்கு.

நீரில் விடுவது கேட்க எளிது. அந்த ஆழத்தில் அழுத்தத்தால் திரவமான வாயு கடல்நீரைவிடக் கனமானது, தானே மூழ்கும். ஆனால் கிடந்த இடத்திலேயே கிடக்காது. 1998இல் அமெரிக்காவின் மான்டரே விரிகுடா ஆய்வு நிலையத்தார் 3,627 மீட்டர் ஆழத்தில் ஒரு பீக்கரில் விட்டுப் பார்த்தார்கள். நீரோடு சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் உருவாகி, பீக்கரை மீறி வழிந்தது. மெல்லக் கரையும்போது சுற்றியுள்ள நீர் அமிலமாகும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2005 அறிக்கைப்படி, விடும் ஆழத்தையும் இடத்தையும் பொறுத்து 500 ஆண்டுக்குப் பிறகு கடலில் மிஞ்சுவது 30 முதல் 85 சதவீதம். கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான லண்டன் நெறிமுறையும் 2006 திருத்தத்தில் கடலடிப் பாறைக்கு மட்டுமே வழிவிட்டது.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: போட்டது எங்கே இருக்கிறது என்று பிறகு காட்ட முடியுமா? நீரோட்டத்தில் கலந்ததற்குக் கணக்கு எழுத வழியில்லை.

பாறையில் முடியும். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன், கடல்தரைக்குக் கீழே 800 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் உட்சீரா மணற்கல்லுக்குள் போயிற்று. அந்த ஆழத்து அழுத்தத்தில் வாயு திரவம்போல அடர்ந்து, கொஞ்ச இடத்தில் நிறைய அடங்கும். மேலே களிப்பாறை மூடி. வாயு புகுந்த மணற்கல்லில் ஒலி வேகம் குறைவதால், ஒலி அலைகளை அனுப்பி நிலத்தடியைப் படமெடுக்கும் சீஸ்மிக் சர்வேயில் அது பளிச்சென்று தெரியும். 1994இல் எடுத்த அடிப்படைப் படத்தோடு 1999 படத்தை ஒப்பிட்டபோது, இடையிலிருந்த மெல்லிய களி அடுக்குகளைத் தாண்டி வாயு மேல்மூடிவரை ஏறியிருந்தது தெரிந்தது. மூடி தாங்கியது. ஒன்று மட்டும்: உப்புநீரில் கரைந்துவிட்ட பங்கு இந்தப் படத்தில் விழாது.

எல்லா மணற்கல்லும் உட்சீரா போல வாங்கிக்கொள்ளாது. 2008இல் தொடங்கிய ஸ்னோவிட்டில் (நார்வேயின் இன்னொரு எரிவாயு வயல்), உலர்ந்த வாயு பாறையின் நீரை இழுத்துக்கொள்ள, கிணற்றைச் சுற்றி உப்பு படிந்து துளைகள் அடைத்தன. கிளைகால் கரைசல் செலுத்தி அதைச் சரிசெய்தார்கள். பிறகும் எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. 2011இல் வேறொரு அடுக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாற்ற அடுக்கு இருந்ததால் திட்டம் பிழைத்தது.

இறக்கும் இடம் பழைய எண்ணெய் வயல் என்றால், கைவிட்ட கிணறுகளின் சிமென்ட் அடைப்புகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மூடிப்பாறை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைத் துளைத்துப் போன ஒரு கிணறு போதும், வாயு மேலே வர.