நம்பி மலையா, காரையாறா, செங்கல்தேரியா?

நெல்லைப் பக்கம் காட்டில் நடக்க எங்கே போகலாம் என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் மாஞ்சோலை என்பார்கள். அருமையான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிற மலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,374 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்ததால் தேயிலைத் தோட்டமானது. நடைக்கு என்றால் போட்டி திருக்குறுங்குடி நம்பி மலை, பாபநாசத்துக்கு மேலே காரையாறு, களக்காட்டுக்கு மேலே செங்கல்தேரி, இந்த மூன்றுக்கும்தான். மூன்றும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறவை, அதனால் எங்கே போனாலும் செக்போஸ்ட், பிளாஸ்டிக் சோதனை, இருட்டுவதற்குள் இறங்குவது எல்லாம் உண்டு.

என் ஓட்டு நம்பி மலைக்கு. காரணம் எளிது: இங்கே நடப்பதுதான் வழக்கம். அடிவாரத்திலிருந்து மலைமேல் நம்பிப் பெருமாள் கோயில் வரை ஒரே ஜீப் தடம், வழி தவற வாய்ப்பே இல்லை. ஜீப்பிலும் போகலாம், ஆனால் அந்தக் குண்டும் குழியுமான கல்தடத்தில் குலுங்கிப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு நடையே மேல். மெதுவாக நடந்தால் தலைக்கு மேலே மலை அணில் கட்டாயம் சத்தம் கொடுக்கும். கிளையில் அப்பிப் படுத்திருக்கும்போது உடம்பு தெரியாது, தொங்குகிற வால்தான் காட்டிக்கொடுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் கருமந்திக் குரங்கு. மேலே போனதும் நம்பியாற்றில் ஒரு குளியல், அந்தத் தண்ணீரின் குளிர்ச்சிக்காகவே ஏறலாம்.

கதைக்கும் பஞ்சமில்லை. இந்த மலையடிவாரத்தில் இருந்த பாணர் நம்பாடுவான் ஏகாதசி இரவில் நம்பியைப் பாடப் போகும்போது பிரம்மராட்சசன் மறித்து உன்னைத் தின்னப் போகிறேன் என்கிறது. பாடிவிட்டு வருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவர், சொன்னபடியே திரும்பி வந்து நிற்கிறார். கடைசியில் பாட்டின் பலனைக் கொடுத்து ராட்சசனுக்கே விமோசனம் தருகிறார். கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசி இரவில் கீழே ஊர்க் கோயிலில் இதை நாடகமாகவே நடத்துகிறார்கள். குலத்தைச் சொல்லி உள்ளே விடாததால் வெளியே நின்று கும்பிட்ட நம்பாடுவானுக்காகக் கொடிமரமே விலகிக்கொண்டது என்பார்கள். மரத்தை விலக்கிய சாமி அவரை உள்ளே கூப்பிட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும், அது வேறு பேச்சு. சனிக்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள். புரட்டாசிச் சனி என்றால் காடே தெரியாது, தலைதான் தெரியும்.

காரையாறு நடைக்குத் தோற்கும், கதைக்கு ஜெயிக்கும். செக்போஸ்ட் தாண்டினால் தார் ரோடு, அதுவும் வண்டியில்தான். நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. சொரிமுத்து அய்யனார் கோயிலைச் சுற்றி, தாமிரபரணிக் கரையோரம், அவ்வளவுதான் கால் போகும் தூரம். ஆனால் அங்கே பட்டவராயன் சன்னதியில் நேர்ச்சையாகக் கட்டிய தோல் செருப்புகளைப் பாருங்கள். பட்டவராயன் என்பது முத்துப்பட்டன்தான். அவன் பிராமணன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவன், மாமனாரின் மாட்டைக் காக்கப் போய் மாடு திருடர்களிடம் செத்தவன். இன்றைக்கும் வில்லுப்பாட்டில் கேட்கலாம். நேர்ச்சையாக வைத்த செருப்பு அடுத்த வருடம் தேய்ந்திருக்கும், பட்டன் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறான் என்பது நம்பிக்கை. நாம் நடக்க முடியாத காட்டில் அவனாவது நடக்கிறான்!

ஆடி அமாவாசைக்குச் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்காருவதுதான் இங்கே பெரிய காட்சியாக இருந்தது. முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமானார். விலங்கு என்று பார்த்தால் போகிற வழியில் மிளா மான் நிற்கலாம், காட்டுப்பன்றி ஓடலாம். கோயிலில் நாட்டுக் குரங்கு நிச்சயம், தேங்காய்ப் பையை இறுக்கிப் பிடியுங்கள்.

செங்கல்தேரிக்குக் கதை குறைவு, காடு அதிகம். களக்காடு சரணாலயத்தை 1976-ல் அறிவித்ததே சிங்கவால் குரங்குக்காகத்தான். முள்ளும் புதருமாக இருந்த காடு மேலே ஏற ஏற இருண்டு, ஈரமாகி, கடைசியில் சோலைக்காடாகவே மாறிவிடும். வெடிப்பலா காய்க்கிற பருவத்தில் முள்முள்ளாக இருக்கும் அந்தக் காயைச் சிங்கவால் குரங்கு பிய்த்துத் தின்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அது உச்சிக் கிளையில் இருக்கும், பைனாகுலர் இல்லாமல் போனால் கழுத்து வலிதான் மிச்சம். அட்டையும் உண்டு, மழைக்காலத்தில் சாக்ஸுக்குள்ளேயே புகுந்துவிடும், வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு போங்கள்.

ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் செங்கல்தேரிக்கு ஏற முடியாது. கோடையில் காட்டுத்தீ பயம், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் என்று மூடியும் விடுவார்கள், அதனால் முன்கூட்டியே களக்காடு வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிடைக்கவில்லை என்றால் கீழே தலையணை என்கிற ஆற்றுத் தடுப்பணையில் ஒரு குளியல் போட்டுவிட்டு, அப்படியே திருக்குறுங்குடிக்கு வண்டியைத் திருப்பலாம், பக்கம்தான்.