ஈ.எம்.ஆர். சான்றிதழோடு ஒன்ராறியோவில் பாராமெடிக் ஆக முடியாது: காசு கட்ட முன்னர் வாசியுங்கள்

ஒன்ராறியோவில் தனியார் பயிற்சி நிலையங்களில் ஈ.எம்.ஆர். (எமர்ஜென்சி மெடிக்கல் ரெஸ்பொண்டர் என்ற அடிப்படை அவசர மருத்துவப் பயிற்சி) படிப்புக்குக் காசு கட்டி, அம்புலன்ஸ் வேலைக்கு விண்ணப்பித்த பிறகே ஏமாந்ததை உணர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலையங்களின் பெயரை இங்கே போடவில்லை. ஏமாற்றும் விதம் தெரிந்தால் ஆளைத் தானாகவே அடையாளம் காணலாம்.

இந்தப் படிப்போடு பாராமெடிக் (அம்புலன்ஸில் வந்து சிகிச்சை கொடுப்பவர்) ஆகலாம் என்று இந்த நிலையங்கள் சொல்வதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பிவிடுகிறோம். அல்பேர்ட்டாவில் ஈ.எம்.ஆர். என்பது பாராமெடிக் கல்லூரி (படிப்பிக்கும் இடமல்ல, தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு செய்கிற முதல் படிநிலை. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அதற்கு லைசன்ஸ் உண்டு. அந்த மாகாணத்து இணையப் பக்கத்தைக் காட்டி, "கனடா முழுக்க இதுதான்" என்பார்கள். ஒன்ராறியோவில் அப்படியொரு படிநிலையே இல்லை. இங்கே அம்புலன்ஸ் சட்டத்தின் கீழ், சுகாதார அமைச்சு ஏற்ற பாராமெடிக் டிப்ளோமாவை முடித்து (வழமையாக இரண்டு வருடம்), ஏ.ஈ.எம்.சி.ஏ. என்ற மாகாணப் பாராமெடிக் பரீட்சையில் சித்தியடைந்தவர்தான் ஆரம்ப நிலைப் பாராமெடிக் ஆகலாம். இலங்கையிலோ இந்தியாவிலோ படித்தவர்கள் சமநிலை மதிப்பீட்டுக்கு அமைச்சிடமே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், இடைத்தரகர் தேவையில்லை.

அடுத்த பொய்: "அல்பேர்ட்டாவில் பதிந்துவிட்டு இங்கே மாற்றிக்கொள்ளலாம்." மாகாணங்களுக்கிடையே தொழிலாளர் இடம்பெயர ஒப்பந்தம் இருப்பது உண்மைதான். ஆனால் அது லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு, அதே தொழிலுக்குள் மட்டுமே செல்லும். பாடநெறிச் சான்றிதழ் லைசன்ஸ் ஆகாது. அல்பேர்ட்டா லைசன்ஸே வாங்கினாலும், இல்லாத படிநிலைக்கு இங்கே மாற்ற வழியில்லை.

ஈ.எம்.ஆர். படிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. விளையாட்டு நிகழ்ச்சிகளில் முதலுதவி, தொழிற்சாலை, நோயாளிகளை இடம் மாற்றும் தனியார் வண்டி போன்றவற்றுக்கு உதவும். அந்த வண்டி அம்புலன்ஸ் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விளம்பரப் படத்தில் வெள்ளை வண்டியும் சிவப்பு விளக்கும் போட்டு மறைப்பது அதைத்தான்.

யாரும் சொல்லாத இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, அம்புலன்ஸ் ஓட்டத் தேவையான எஃப் வகுப்பு ஓட்டுநர் லைசன்ஸ். அதற்கு முழு ஜி (வழமையான கார் லைசன்ஸின் கடைசிப் படி) வேண்டும், அதற்கு முந்திய ஜி2 போதாது. மருத்துவ அறிக்கை, கண் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை, வீதிப் பரீட்சை எல்லாம் உண்டு. நாட்டுக்குப் புதிதாக வந்தவருக்கு இதுவே மாதக்கணக்கில் இழுக்கும். மற்றது, ஏ.ஈ.எம்.சி.ஏ. கையில் இருந்தாலும் மருந்து கொடுக்கும் அதிகாரம் கூடவே வராது. நைட்ரோகிளிசரின், சல்பியூட்டமோல் போன்ற மருந்துகளை, பேஸ் ஹொஸ்பிட்டலின் (அந்தப் பகுதிப் பாராமெடிக்குகளின் சிகிச்சையை மேற்பார்க்கும் வைத்தியசாலை) மருத்துவப் பணிப்பாளர் ஒப்படைத்த அதிகாரத்தில்தான் கொடுக்கலாம். அது உங்களை வேலைக்கு எடுத்த அம்புலன்ஸ் சேவையோடு சேர்ந்தே கிடைக்கிறது. வேறு பேஸ் ஹொஸ்பிட்டலின் எல்லைக்கு வேலை மாறினால் அங்கேயும் சான்று பெறவேண்டும். ஆகவே, "படிப்போடு மருந்து கொடுக்கும் லைசன்ஸும் தருகிறோம்" என்று ஒரு நிலையம் சொன்னால் அது பச்சைப் பொய்.

காசு கட்ட முன்னர் ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: "இதை முடித்தவர் ஏ.ஈ.எம்.சி.ஏ. பரீட்சை எழுதத் தகுதி பெறுவாரா?" ஆம் அல்லது இல்லை என்ற பதில் எழுத்தில் வரவேண்டும். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை, வாருங்கோ" என்றால் போகாதீர்கள். தனியார் கல்லூரிகளைப் பதிவு செய்யும் மாகாணக் கண்காணிப்பாளரின் பட்டியலில் நிலையத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பாடநெறியும் அங்கே அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவுள்ள நிலையமே அங்கீகாரம் இல்லாத பாடநெறியை விற்கலாம். சிக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டீர்களா? தனியார் கல்லூரிகளுக்கான மாகாணச் சட்டத்தின் கீழ் வரும் பாடநெறி என்றால், ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்து 2 நாட்களுக்குள் எழுத்தில் ரத்துச் செய்தால் முழுக் காசும் திரும்ப வரவேண்டும். நிலையத்துக்கோ பாடநெறிக்கோ அங்கீகாரம் தேவைப்பட்டும் இல்லையென்றால், நாள் கடந்திருந்தாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். சில குறுகிய பாடநெறிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. ரொக்கமாகக் கட்டாதீர்கள். "வேலை எடுத்துத் தரும் கட்டணம்" என்று தனியாகக் கேட்டால், அதற்குத் தனி ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.