ஒரே இரவுக் கணக்கா, ஆண்டு முழுதுமான பதிவா?

வீடற்றோர் எத்தனை பேர் என்று அறிய இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, குறித்த ஓர் இரவில் தெருவிலும் காப்பகத்திலும் இருப்பவர்களை எண்ணுவது. அமெரிக்காவில் ஜனவரி கடைசிப் பத்து நாட்களில் நடப்பது இதுதான். மற்றது, காப்பகத்துக்கு வரும் ஒவ்வொருவரும் வந்த தேதி, போன தேதியை ஆண்டு முழுக்கப் பதிவது. முதலாவதில் செலவு குறைவு, சீக்கிரம் முடியும். ஆனால் கொள்கை வகுக்க எது உதவும் என்றால் என் ஓட்டு பதிவுக்குத்தான். காரணம், தங்கும் காலம்.

100 படுக்கைக் காப்பகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 படுக்கைகளில் அதே 50 பேர் ஆண்டு முழுக்க இருக்கிறார்கள். மீதி 50-இல் ஒவ்வொரு படுக்கையிலும் மாதம் ஒருவராக ஆள் மாறுகிறார்கள். எந்த இரவில் எண்ணினாலும் பாதிப் பேர் நெடுநாள் தங்குபவர்கள். ஆண்டுக் கணக்கிலோ வந்தவர் 650 பேர். நெடுநாள் தங்குபவர்கள் 8 சதவீதத்துக்கும் குறைவு. ஓர் இரவுக் கணக்கை மட்டும் நம்பினால், வாடகை பாக்கிக்குச் சிறு உதவி கிடைத்தாலே மீளக்கூடிய அந்த 600 பேரில் பெரும்பாலோர் திட்டத்துக்குள்ளேயே வரமாட்டார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ராண்டல் கூனும் டென்னிஸ் கல்ஹேனும் 1998-இல் நியூயார்க், பிலடெல்பியா காப்பகப் பதிவுகளை வைத்துக் கண்டதும் இதே படம்தான்: சுமார் 10 சதவீதம் பேர், மொத்தத் தங்கல் நாட்களில் ஏறக்குறைய பாதி. 2002-இல் கல்ஹேன் குழு நியூயார்க்கின் காப்பக, மருத்துவமனை, சிறைப் பதிவுகளைக் கோத்துப் பார்த்தது. கடும் மனநோயோடு வீடின்றி இருந்தவருக்கு ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் அரசுப் பணம் போய்க்கொண்டிருந்தது. ஆதரவுச் சேவையோடு வீடு கொடுத்தபின் அதில் சுமார் 16,000 டாலர் குறைந்தது. வீட்டுச் செலவில் பெரும்பகுதி அதிலேயே ஈடானது. நெடுநாள் வீடின்மையைப் பத்தாண்டில் ஒழிப்பது என்று அமெரிக்க மத்திய அரசு இலக்கு வைத்ததற்கு இந்த வகை ஆய்வுகள் வலுவான துணை. ஆனால் இந்தக் கணக்கைக் குடும்பங்களுக்கும் அப்படியே நீட்ட எனக்குத் தயக்கம் உண்டு. அவர்கள் மருத்துவமனைக்கும் சிறைக்கும் அந்த அளவு போவதில்லை.

பதிவு கெடுவது பெரும்பாலும் போன தேதியில். சொல்லாமல் கிளம்பியவரின் பதிவை யாரும் மூடாவிட்டால், அவர் மாதக்கணக்கில் தங்கியதாகக் காட்டும். தினசரிப் படுக்கைப் பட்டியலோடு வாரம் ஒருமுறையாவது ஒத்துப் பார்க்க வேண்டும். எழுத்து மாறிய பெயரால் ஒருவர் இருவராவதும் நடக்கும். பிறந்த தேதியையும் சேர்த்துப் பொருத்தினால் குறையும்.

காப்பகத்தை அண்டாமல் தெருவிலேயே உறங்குபவர் இந்தப் பதிவில் இல்லை. அவர்களுக்கு இரவுக் கணக்கு வேண்டும், அதுவும் சோதனை ஆட்களோடு. எண்ணுபவர்களுக்குத் தெரியாமல் தெருவில் 50 பேரை நிறுத்தி, அவர்களில் 40 பேரைத்தான் எண்ணுபவர்கள் கண்டார்கள் என்றால், தெருவில் கண்ட எண்ணிக்கையை 1.25-ஆல் பெருக்க வேண்டும்.