கஸ்பேகியா, ஸ்வனேதியா: ஜார்ஜியாவில் பழைய தேவாலயமும் கணவாயும் பார்க்க எந்தப் பக்கம்?

ஜார்ஜியாவுக்குப் போகிறவர்கள் காக்கசஸ் மலைக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்தான். அதற்குள் இரண்டு பக்கமும் போய்வர நினைத்தால் பாதி நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: தலைநகர் திபிலிசிக்கு நேர் வடக்கே இருக்கும் கஸ்பேகியா, வடமேற்கில் ஒதுங்கிக் கிடக்கும் ஸ்வனேதியா? இரண்டு இடத்திலும் தங்கி நடந்த பிறகு நான் ஸ்வனேதி கட்சி. கஸ்பேகி யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போய்ச் சேருவதில் கஸ்பேகிக்குப் போட்டியே இல்லை. திபிலிசியின் திதூபே நிலையத்தில் மர்ஷ்ருட்கா என்று சொல்லும் மினி வேனில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் ஸ்தெபான்ட்ஸ்மிந்தா வந்துவிடும். கஸ்பேகி என்று எல்லோரும் சொல்லும் ஊரின் இன்றைய பெயர் இதுதான். ஸ்வனேதிக்கு அப்படி இல்லை. ரயிலில் சுக்திதி வரை போய், அங்கிருந்து எங்குரி ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வேனில் ஸ்வனேதியின் முக்கிய ஊரான மெஸ்தியாவுக்கு ஏற வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும். மெஸ்தியாவுக்குச் சிறு விமானமும் உண்டு. ஆனால் மேகம் இறங்கினால் ரத்து செய்துவிடுவார்கள் என்பதால் அதை நம்பித் திரும்பும் நாளைத் திட்டமிடாதீர்கள்.

கஸ்பேகி என்றாலே நினைவுக்கு வருவது கெர்கெதி திரித்துவ தேவாலயம். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2,170 மீட்டர் உயரத்தில் தன்னந்தனியாக ஒரு மேட்டின் மேல் நிற்கிறது. பின்னால் 5,000 மீட்டரைத் தாண்டிய கஸ்பெக் சிகரம். சமவெளியில் படையெடுப்பு வந்தபோதெல்லாம் பழைய தலைநகரான ம்ட்ஸ்கேத்தாவின் பேராலயப் பொக்கிஷங்களை இங்கே கொண்டுவந்துதான் காப்பாற்றினார்கள். படத்தில் பார்த்த அந்தக் காட்சி நேரில் கொஞ்சமும் குறைவதில்லை. விடியற்காலையில் மேகம் விலகியிருந்தால் படத்தைவிட நேரில்தான் அழகு. ஆனால் 2018இல் தேவாலயம் வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். காலை பத்து மணிக்கு மேல் வண்டிகள் வரிசையாக வந்து இறக்கிவிடுகின்றன. உள்ளே போனால் பெரும்பாலும் வெறும் கல்சுவர், படங்கள், மெழுகுவத்திகள். நின்று பார்க்க விடாமல் பின்னால் கூட்டம் தள்ளுகிறது. இந்தத் தேவாலயத்தின் சிறப்பெல்லாம் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. வெளியே இருந்து பார்ப்பதோடு அதன் பெரும்பகுதியைப் பார்த்தாகிவிடுகிறது.

அந்தப் பக்கத்துக் கணவாயும் அப்படித்தான். ஜ்வாரி கணவாய் 2,379 மீட்டர். திபிலிசியிலிருந்து ரஷ்ய எல்லைக்குப் போகும் ராணுவ நெடுஞ்சாலை இதன் மேலேதான் ஏறி இறங்குகிறது. வரலாறு கனத்த கணவாய், சந்தேகமில்லை. ஆனால் லார்ஸி எல்லைச் சாவடியை நோக்கிப் போகும் லாரிகளின் நடுவே வண்டி கடக்கும்போது, கணவாயைத் தாண்டிய உணர்வே வராது. நடந்து கடக்க வேண்டுமானால் ஜூதா கிராமத்திலிருந்து சௌக்கி கணவாய் இருக்கிறது. 3,338 மீட்டர், அந்தப் பக்கம் கெவ்சுரேதி என்ற மலைப்பகுதியில் ரோஷ்கா என்ற ஊரில் இறங்கலாம். நான் ஜூதாவில் மேய்ச்சல் நிலம் வரை போய்த் திரும்பியவன்தான், கணவாய் மேல் ஏறவில்லை. அதனால் அதை எடைபோட எனக்குத் தகுதியில்லை. ஏறியவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள்.

இனி ஸ்வனேதி. குடும்பங்கள் தற்காப்புக்காகக் கட்டிய கல் கோபுர வீடுகளைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. உஷ்குலி என்ற மலையூரில் இருக்கும் சஜாஷி குக்கிராமம் 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததே அவற்றுக்காகத்தான். எனக்கு முக்கியமாகப் பட்டவை கோபுரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு தேவாலயங்கள். வெளியே இருந்து பார்த்தால் தானியக் கிடங்கு என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். சிலவற்றுக்குள் ஏழெட்டுப் பேர் நின்றாலே நிறைந்துவிடும். ஆனால் சுவர் முழுக்க 10ஆம் நூற்றாண்டிலிருந்து 12ஆம் நூற்றாண்டு வரை தீட்டிய ஓவியங்கள். அவற்றில் சிலவற்றை வரைந்தவரின் பெயரும் நமக்குத் தெரியும். தெவ்தோரே, மன்னரின் ஓவியர் என்று சுவரில் எழுதியிருக்கும் வரிகளே சொல்கின்றன. இப்ராரியில் அதிதூதர்கள் தேவாலயம் 1096, காலாவில் லகுர்கா என்று அழைக்கப்படும் கீரிகே–இவ்லிதா தேவாலயம் 1112, நாகிபாரியில் புனித ஜார்ஜியார் தேவாலயம் 1130. ஒரே கையின் வேலையை ஒரு பள்ளத்தாக்குக்குள் மூன்று இடத்தில் பார்க்கலாம். நாகிபாரியில் குதிரைமேல் வரும் புனித ஜார்ஜியாரின் ஈட்டி டிராகன்மேல் பாயவில்லை. காலடியில் கிடப்பது கிறிஸ்தவர்களைக் கொன்ற ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன். ஸ்வனேதி முழுக்க ஜார்ஜியாரை இப்படித்தான் விரும்பி வரைந்திருக்கிறார்கள்.

இப்போது என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சாவி.

ஸ்வனேதியின் பெரும்பாலான தேவாலயங்கள் பூட்டித்தான் இருக்கும். சாவி ஊரில் ஏதோ ஒரு வீட்டில் இருக்கும். டிக்கெட் கவுண்டர் கிடையாது, நேரம் எழுதிய பலகையும் கிடையாது. நிறையப் பேர் இதை ஒரு குறையாகவே சொல்கிறார்கள். பூட்டியிருந்தது, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். உள்ளே போகாமல் திரும்பினால் ஸ்வனேதியில் அவர்கள் பார்த்தது கல்சுவர் மட்டும்தான். அந்தக் கணக்கில் கஸ்பேகியே மேல், அங்கே கதவாவது திறந்திருக்கிறது.

ஆனால் சாவியைக் கேட்டு வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. இரவு தங்கும் கெஸ்ட் ஹவுஸ் அம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் போதும். சாவி யாரிடம் என்று அவர்களுக்குத் தெரியும், போன் போட்டுக் கேட்டும் கொடுப்பார்கள். வழியில் தற்செயலாகப் போய் நின்றால், பக்கத்து வீட்டு வாசலில் கையைச் சாவி திருப்புவதுபோல் காட்டினாலே புரிந்துகொள்கிறார்கள். இப்ராரியில் அப்படித்தான் நடந்தது. பால் கறந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கையைக் கழுவிவிட்டு, உள்ளே போய் முழங்கை அளவுக்கு இருந்த இரும்புச் சாவியோடு வந்தார். கதவு இடுப்புக்குக் கொஞ்சம் மேல்வரைதான். குனிந்து நுழைய வேண்டும். உள்ளே இருட்டு. அவர் முதலில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார், அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார். கண் பழகப் பழக, கருநீலப் பின்னணியில் ஒவ்வொரு முகமாகத் தெரியத் தொடங்கியது. ஆள் உயரம் வரை மெழுகுவத்திக் கரி படிந்திருக்கிறது, அதற்கு மேலே நிறம் அப்படியே இருக்கிறது. ஓவியத்துக்கும் நமக்கும் நடுவே கயிறும் இல்லை கண்ணாடியும் இல்லை. பெரியவர் அவசரப்படுத்தவே இல்லை, கதவோரம் நின்று காத்திருந்தார்.

அருங்காட்சியகத்தில் இந்த அனுபவம் கிடைக்காது. ஊரே பூட்டிக் காப்பாற்றி வந்ததால்தான் இந்தச் சுவர்கள் மிஞ்சியிருக்கின்றன என்பது அந்த இருட்டுக்குள் நிற்கும்போது தானாகவே புரிகிறது. 897ஆம் ஆண்டைச் சேர்ந்த அதிஷி நற்செய்திச் சுவடி இன்றும் மெஸ்தியா அருங்காட்சியகத்தில் இருப்பதற்கும் இதே காவல்தான் காரணம்.

நாமும் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஆண்கள் முழுக்கால் சட்டை, பெண்கள் பாவாடையும் தலைக்கு ஒரு துணியும். கெர்கெதியில் வாசலிலேயே சுற்றிக்கொள்ளத் துணி வைத்திருக்கிறார்கள், இங்கே நாம்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கிளம்பும்போது ஜார்ஜியப் பணமான லாரியில் சில சிறு நோட்டுகளைக் காணிக்கையாக வைப்பது வழக்கம். சாவி கொண்டுவந்தவர் கேட்காவிட்டாலும் வைக்கவேண்டியதுதான். தீவனப் புல் அறுக்கும் நாட்களில் பகலில் ஊரே வயலில் இருக்கும். அப்போது காலையிலோ சாயங்காலமோ கேட்பதுதான் நடக்கும்.

கணவாய் விஷயத்திலும் ஸ்வனேதிக்குத்தான் என் ஓட்டு. மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி வரை ஊர் ஊராகத் தங்கி நடப்பதற்கு வழக்கமாக 4 நாள் ஆகும். மூன்றாம் நாள் அதிஷியிலிருந்து கிளம்பி ச்குந்தேரி கணவாயைத் தாண்டவேண்டும்; ஏறக்குறைய 2,700 மீட்டர். அதற்கு முன்னால் அதிஷி ஆறு. பனிப்பாறையிலிருந்து நேராக வரும் தண்ணீர் என்பதால் வெயில் ஏற ஏற ஆறும் ஏறும். காலையில் சீக்கிரம் போனால் நீர் குறைவு, உள்ளூர்க்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு குதிரையில் கடத்திவிடுகிறார்கள். மத்தியானத்தில் தனியாக இறங்கிக் கடக்கப் பார்ப்பது ஆபத்து. ஆற்றைத் தாண்டி ஏறும் வழியெல்லாம் அதிஷி பனிப்பாறை எதிரிலேயே தொங்கிக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கம் இறங்கினால் கல்தே, அப்புறம் இப்ராரி. காலையில் அதிஷி, சாயங்காலம் இப்ராரித் தேவாலயம், நடுவில் ஒரு கணவாய். தேவாலயமும் கணவாயும் ஒரே நாள் நடையில் சேர்ந்துவிடுகின்றன. கஸ்பேகியில் அவை இரண்டும் தனித்தனி நிறுத்தங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு மெஸ்தியா–உஷ்குலி சாலை இருக்கிறது, பெரும்பகுதி கான்கிரீட் போட்டுவிட்டார்கள். வண்டி பேசும்போது நாகிபாரியிலும் காலாவிலும் நின்று போகவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுநர் நேராக உஷ்குலிக்கு விட்டுவிடுவார். லகுர்காவுக்கு அடிவாரத்திலிருந்து மரங்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறவேண்டும். ஜூலை 28 அங்கே திருவிழா. ஸ்வனேதி முழுக்க வந்துவிடும். உஷ்குலியின் மேல்கோடியில் லமாரியா தேவாலயம், பின்னால் 5,193 மீட்டர் ஷ்காரா, ஜார்ஜியாவின் மிக உயர்ந்த சிகரம். கெர்கெதி காட்சிக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை.

நான் போனது கோடை முடியும் சமயத்தில். குளிர்காலத்தில் ச்குந்தேரி கணவாய் நடப்பவர்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் ஸ்வனேதி எப்படி என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. கஸ்பேகி சாலையோ பனிச்சரிவு அபாயம் வந்தால் மூடப்படும், மற்ற நாட்களில் திறந்திருக்கும்.

கையில் இரண்டு நாள்தான் இருக்கிறது, அல்லது கூட வரும் பெரியவர்களால் நெடுந்தூரம் வண்டியில் உட்கார முடியாது என்றால் யோசிக்காமல் கஸ்பேகி போங்கள். ஸ்தெபான்ட்ஸ்மிந்தாவில் இரவு தங்கி, வண்டிகள் வருமுன் கெர்கெதிக்கு நடந்து ஏறிவிடுங்கள். ஐந்து நாளுக்கு மேல் இருக்கிறதென்றால் ஸ்வனேதி. மெஸ்தியாவில் இறங்கிய அன்றே, வழியில் பார்க்க நினைக்கும் தேவாலயங்களின் பெயர்களை எழுதிக் கெஸ்ட் ஹவுஸில் கொடுத்து, எந்த ஊரில் யாரிடம் சாவி என்று கேட்டுவிடுங்கள்.