ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே ஒரு முடிவு

என் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ தெரியும். அவற்றைக் கழற்றினால் நெக் (இடது கை ஓடும் கழுத்துப் பகுதி) தனியாகவும் பாடி தனியாகவும் கைக்கு வந்துவிடும். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க யோசனை கேட்டு வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நான்கு ஸ்க்ரூவைத்தான். வாசித்துக் காட்டுவதெல்லாம் அப்புறம்.

18 வருடமாகச் சேலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், ஆடி மாதக் கோயில் கச்சேரி, மே மாதத்தில் ஏற்காடு. முதல் 7 வருடம் லெஸ் பால் வடிவக் கிட்டார், அதற்குப் பிறகு இன்றுவரை ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவம். முதலாவது கிப்சன் கம்பெனியின் வடிவம், இரண்டாவது ஃபெண்டர் கம்பெனியின் வடிவம். இரண்டுமே நம்மால் வாங்க முடிகிற விலையில் வரும் ரகங்கள். அசல் அமெரிக்கக் கிப்சனை வைத்து ஒரு கச்சேரிகூட நான் வாசித்ததில்லை. அதனால் நான் சொல்வதை இந்த விலைக்குள் வைத்துப் படியுங்கள்.

சத்தத்தில் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். லெஸ் பால் கனமாக, நீண்டு ஒலிக்கும். ஸ்ட்ராட் தெளிவாக, மணி அடித்த மாதிரி. எடை ஏறத்தாழ 4 கிலோவுக்கு மூன்றரை கிலோ. கம்பி நீளம் லெஸ் பாலில் 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டில் 25.5 அங்குலம், சின்ன விரல்களுக்கு லெஸ் பால் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். இவ்வளவும் கடையில் பத்து நிமிடம் வாசித்தாலே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் லெஸ் பாலை மிஞ்ச முடியாது. கோயில் கச்சேரியில் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும், தலைக்கு மேல் சீரியல் லைட் ஜொலிக்கும். அந்த இடத்தில் ஸ்ட்ராட்டை ஆம்ப்பில் சொருகினால் வண்டு ரீங்காரம் மாதிரி ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வரும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தப் பெட்டிதான் பிக்கப். ஒரே ஒரு காயில் (செம்புக் கம்பிச் சுருள்) உள்ள பிக்கப் என்றால் அப்படித்தான், கரண்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் 1955-ல் இதற்கு வழி கண்டார். இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிரெதிராக வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர். லெஸ் பாலில் அது இருக்கிறது. ஸ்ட்ராட்காரர்கள், எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து இட ஸ்விட்ச்சை 2-லோ 4-லோ வைத்துச் சமாளிக்கிறோம். இப்போது வரும் பெரும்பாலான ஸ்ட்ராட்டுகளில் நடு பிக்கப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருப்பார்கள், அந்த இரண்டு இடத்திலும் இரைச்சல் அடங்கும். மற்ற மூன்று இடத்தில் அடங்காது.

அப்படியிருந்தும் நான் ஏன் மாறினேன் என்றால், ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்ட சத்தம். இடைவேளையில் கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஓடி விளையாடிய ஒரு குழந்தையின் காலில் ஒயர் மாட்டியது. கிட்டார் மல்லாக்க விழுந்தது. விழுந்த சத்தம் பெரிதில்லை. அதற்குள்ளே ‘டக்’கென்று ஒன்று கேட்டது, அது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. ஓடிப்போய்த் தூக்கினால் தலைப்பகுதி முறிந்து கம்பிகளில் தொங்குகிறது. எனக்குக் கை ஓடவில்லை. கீபோர்டு வாசிக்கும் அண்ணன்தான், “தம்பி, முதல்ல கம்பியத் தளத்து, இழுவைல மரம் இன்னும் பிளந்துரும்” என்று பக்கத்தில் உட்கார்ந்து கிட்டார் தலையில் கம்பி முறுக்கும் ஒவ்வொரு கீயாகத் திருப்பினார்.

லெஸ் பாலில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. தலைப்பகுதி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், கிப்சனில் பெரும்பாலும் 17 டிகிரி. நெக்கும் தலையும் ஒரே மகோகனித் துண்டில் அறுத்தவை என்பதால், சாயும் இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு முடிந்துவிடும். போதாததற்கு, நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகுவதற்கான குழியையும் அங்கேதான் தோண்டியிருப்பார்கள். ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது சுமார் 45 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. மல்லாக்க விழுந்தால் அந்த மெல்லிய இடம்தான் முதலில் போகும். ஸ்ட்ராட்டின் தலை சாயாமல் நெக்கோடு நேராகப் போகும், மரமும் மேப்பிள். என் ஸ்ட்ராட் இரண்டு முறை விழுந்திருக்கிறது. பெயிண்ட் பெயர்ந்ததோடு சரி.

முறிந்த கிட்டாரைக் கதவு ஜன்னல் செய்யும் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல கைக்காரர். பசை போட்டு, கிளாம்ப் வைத்து, இரண்டு நாள் அசைக்காமல் வைத்திருந்து கொடுத்தார். ஒட்டு இன்றுவரை விடவில்லை. ஆனால் நெக் பாடியோடு ஒட்டியே வருகிற கிட்டார் அது, நெக்கை மட்டும் மாற்ற வழியில்லை. விற்கக் கேட்டபோது ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் பாதி விலை சொன்னார்கள். அந்த ஒட்டை நம்பி மேடைக்கு எடுத்துப்போக எனக்கும் மனம் வரவில்லை.

ஸ்ட்ராட்டை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1938-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர் அவர். பழுதாகி வரும் பொருளைக் கழற்றி, கெட்டதை மாற்றி, திரும்ப மாட்டிக் கொடுத்தவரின் கை 1954-ல் வந்த ஸ்ட்ராட்டில் தெரிகிறது. முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால் பிக்கப், ஸ்விட்ச், வால்யூம் எல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிடும். என் ஸ்விட்ச் போனபோது மைக்செட் ரிப்பேர் செய்யும் ஒருவர்தான் மாற்றிக் கொடுத்தார். கிட்டாரை அவர் அதற்கு முன் திறந்து பார்த்ததே இல்லை. ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ என்ற கிட்டாரின் கதையும் இதேதான். 1970-ல் நாஷ்வில்லில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டுகளில் மூன்றின் நல்ல பாகங்களை எடுத்து ஒன்றாக்கிய கிட்டார் அது. 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. ஒட்டிய நெக்காக இருந்திருந்தால் அந்தக் கிட்டாரே பிறந்திருக்காது.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். ஏப்ரல் மாதச் சேலம் வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்குப் போனால் பனி, ஈரம். குளிர் பட்டதும் கம்பி இறுகி ஸ்ருதி ஏறும். இரண்டு மூன்று நாள் தங்கினால் நெக்கின் வளைவே மாறும். என் ஸ்ட்ராட்டுக்கு முதல் கோடையிலேயே விரல்பலகை சுருங்கி, அதன் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளின் முனைகள் ஓரத்தில் முள் மாதிரி நீட்டிக்கொண்டன. கையை மேலும் கீழும் ஓட்டினால் கீறியது. சேலத்தில் ஃப்ரெட் வேலைக்கு யாரிடம் போவது? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவரிடம், நெக்கை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துப்போனேன். ஃப்ரெட்டைப் பார்த்ததும், “இது ஜெர்மன் சில்வர்தானே மாப்ளே, எங்க கைக்கு இது புதுசா?” என்றார். உண்மைதான். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. விரல்பலகையில் கீறல் விழாமல் டேப் ஒட்டிக்கொண்டு, கொலுசு முத்துக்குப் பிடிக்கும் சின்ன அரத்தால் ஒவ்வொரு முனையாக உருட்டினார். 21 ஃப்ரெட், இரண்டு பக்கம், 42 முனை. ஒரு மாலை முழுக்க ஆனது. காசு வாங்கவில்லை. அந்த நெக்கைத் தடவும்போதெல்லாம் அவர் கைதான் ஞாபகம் வரும். என் கிட்டாரை நான் உயிராக வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

முழுக் கிட்டாரையும் அந்தப் பட்டறை மேஜையில் வைக்க இடம் இருந்திருக்காது.

லெஸ் பாலை நான் வெறுக்கவில்லை. பிரபல கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் வைத்திருந்த லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. அதனால் வந்த மூக்கடைத்த மாதிரியான சத்தத்துக்காகவே அந்தக் கிட்டார் பெயர் பெற்று, கேரி மூர் கைக்கும் பிறகு கிர்க் ஹாமெட் கைக்கும் போனது. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பரிடமும் ஒரு லெஸ் பால் இருக்கிறது. அது வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்துப் பெட்டியில் படுக்க வைத்துவிடுவார். அந்தப் பராமரிப்புக்கு லெஸ் பால் தாராளமாகத் தாங்கும். டெம்போவில் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவருக்கு நான் ஸ்ட்ராட்தான் சொல்வேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நெக் ஓரமாக உள்ளங்கையை ஓட்டுங்கள், ஃப்ரெட் முனை குத்தக் கூடாது. அப்புறம், தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து இருந்தால் போதும். கூடக் குறைய இருந்தால் ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருக விடாதீர்கள். பின்னால் நெக்கை மாற்ற வேண்டி வந்தால், ஸ்ட்ராட் நெக்கின் அடிப்பகுதி 2 3/16 அங்குல அகலம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மாடல்களில் மில்லிமீட்டர் கணக்கில் முன்பின் இருக்கும், ஸ்கேல் வைத்து அளந்துவிட்டே ஆர்டர் போடுங்கள்.