கன்னியாகுமரிக்கு 44-ஆ, 544-ஆ?

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் நின்றால் கன்னியாகுமரிக்கு இரண்டு வழி. நாமக்கல் பக்கம் போனால் தேசிய நெடுஞ்சாலை 44, சங்ககிரி பக்கம் போனால் 544. எதைப் பிடித்தாலும் காவிரியைத் தாண்டியே ஆக வேண்டும்: 44-இல் பரமத்தி வேலூர் அருகே, 544-இல் குமாரபாளையம் அருகே.

பழைய எண்கள் 7, 47. வாரணாசியில் கிளம்பி 2,369 கி.மீ. ஓடி குமரியில் முடிந்த 7-க்குச் சேலம் ஒரு வழியூர்தான். 47 சேலத்திலேயே தொடங்கி கோவை, பாலக்காடு, கொச்சி, திருவனந்தபுரம் வழியாக அதே குமரிக்குப் போனது. ஒரு நெடுஞ்சாலையின் முதல் மைல் நம் ஊரில் இருந்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

2010-இல் எண்கள் மாறின. 7-இன் தென்பகுதி, ஸ்ரீநகரில் தொடங்கி 3,700 கி.மீ.க்கும் மேல் நீளும் 44-இல் சேர்ந்தது. 47 கொச்சியின் இடப்பள்ளியோடு வெட்டப்பட்டு 544 ஆனது. மூன்று இலக்கத்தில் கடைசி இரண்டும் தாய்ச்சாலையைக் குறிக்கும், அதாவது இது 44-இன் கிளை. இடப்பள்ளிக்கு அப்பால், பன்வேலிலிருந்து வரும் 66-தான் குமரி வரை போகிறது. அதனால் 544 பலகையை மட்டும் நம்பிப் போனால் கொச்சியோடு சரி.

தூரத்தில் போட்டியே இல்லை. மதுரை, திருநெல்வேலி வழி 480 கி.மீ. சுமாருக்கு வரும், கொச்சி வழி 650-ஐ ஒட்டி. குமரிக்கு மட்டும் போகிறவர் 44-ஐ விட்டு வேறு யோசிக்கவே வேண்டாம். குமரி வரை நான்கு வழி, பெரும்பாலும் சமவெளி, ஊர்களுக்கெல்லாம் புறவழி.

544-இன் சிறப்பே வேறு. வாளையார் தாண்டி பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்ததும் காற்றும் பச்சையும் மாறிவிடும். முன்பு குதிரான் ஏற்றத்தில் லாரிகள் மணிக்கணக்கில் நின்றுவிடும். 2021-இல் ஒரு சுரங்கமும் 2022-இல் இன்னொன்றும் திறந்த பிறகு அந்தத் தொல்லை போனது. கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கம் அதுதான். திருச்சூர், கொச்சியில் வேலை இருப்பவர் இதில் தாராளமாகப் போகலாம். ஆனால் இடப்பள்ளிக்குத் தெற்கே ஊரோடு ஊர் ஒட்டியே கிடக்கும், அங்கே வேகம் எடுக்க முடியாது.

அப்புறம் மழை. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக்கு மேற்கே கொட்டித் தீர்க்கும், அப்போது 44 காய்ந்து கிடக்கும். குழந்தைகளோடு கிளம்புகிறவர்கள் அந்த இரண்டு மாதமும் நாமக்கல் வழியே போங்கள்.