மெட்ரிக்கா, ஆறாம் படிவமா, போலிடெக்னிக்கா? பொறியியல் படிக்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வெளியானதும், பேராக்கில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் ஒரே விசாரிப்புதான்: "மெட்ரிக் கிடைச்சிருச்சா?" பல்கலைக்கழகத்துக்கு முந்திய அந்த மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைத்த வீட்டில் கொண்டாட்டம். கிடைக்காத வீட்டில் எல்லாமே முடிந்துவிட்டது போன்ற முகங்கள். அது முடிவே இல்லை. பொறியியலுக்குப் போக நம் ஊரிலிருந்து பல வழிகள் உண்டு. அவற்றை நாம் எடைபோடும் விதத்தில்தான் கோளாறு. எது சீக்கிரம் முடியும், எது சுலபம் என்று மட்டும் கேட்கிறோம். பாதியில் சறுக்கினால் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும் என்பதை முதலில் கேளுங்கள் என்பேன். பணம் படைத்தவர் வீட்டில் ஓராண்டு வீணானால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வார்கள். செம்பனைத் தோட்டத்துச் சம்பளத்திலும் தொழிற்சாலை ஓவர்டைமிலும் ஓடுகிற குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது.

இந்தியாவில் இருப்பது போன்ற பொறியியல் நுழைவுத் தேர்வு இங்கே இல்லை. எஸ்பிஎம்முக்குப் பிறகு ஒரு முன்பல்கலைக்கழகப் படிப்பு, அதன் சராசரிப் புள்ளி (உச்சம் 4.00), பிறகு பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பம். மெரிட் கணக்கில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். நம் பிள்ளைகள் அந்தப் பத்தைக் கோட்டை விடுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. மாலையில் பஸ் போய்விடும் என்று சாரணர் இயக்கத்தையும் பூப்பந்தையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பதவி, ஒரு போட்டிச் சான்றிதழ் கூட இல்லாமல் நான்காம், ஐந்தாம் படிவத்தைக் கடந்துவிட்டு, பிறகு ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் இடத்தை இழக்கிறார்கள்.

முதலில் மெட்ரிகுலேஷன். கல்வி அமைச்சு நடத்துவது. ஈராண்டுத் திட்டமும் உண்டு, பெரும்பாலோர் போவது ஓராண்டுத் திட்டத்துக்கு, இரண்டே செமஸ்டர். விடுதி உண்டு, கைச்செலவுக்குப் படி உண்டு, கட்டணம் சொற்பம். நமக்குப் பக்கத்தில், ஈப்போவைத் தாண்டிக் கோப்பெங்கில், பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. பொறியியலுக்கென்றே தனி மெட்ரிக் கல்லூரிகள் கெடா, பகாங், ஜொகூரில் உள்ளன. தம்பி தங்கைகளோடு ஒரே அறையில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவில் படித்த பிள்ளைக்கு அந்த விடுதியும் நூலகமும் பெரிய வரம்.

இடம் கிடைப்பதுதான் கேள்வி. 2019-இல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தியபோதும், பூமிபுத்ராவுக்கு, அதாவது மலாய்க்காரர்க்கும் பூர்வகுடியினர்க்கும், 90 விழுக்காடு, மற்றவர்க்கு 10 என்ற விகிதத்தைத் தொடவில்லை. 2024-இல் வந்த அறிவிப்பு வேறு மாதிரி: எஸ்பிஎம்மில் 10ஏ-யும் (பத்துப் பாடங்களில் ஏ) அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு, எந்த இனமானாலும், இடம் உண்டு. இதைக் கேட்டதும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிவியல் பிரிவு மாணவர் வழக்கமாக எடுப்பது மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல். ஒன்பதுதான். பத்தாவது ஏ எங்கிருந்து வரும்? தமிழ்மொழியிலிருந்து வரலாம். "பாரம் கூடும், தமிழை விட்டுவிடு" என்று நான்காம் படிவத்திலேயே பிள்ளையைத் திருப்பிவிடும் பெற்றோரிடம் இதை நான் கெஞ்சிக் கேட்காத குறையாகச் சொல்லி வருகிறேன். தமிழும் இலக்கியமும் நம் பிள்ளைகள் உழைத்தால் வாங்கக்கூடிய ஏ. அதைக் கழற்றிவிட்டுப் பத்துக்கு எங்கே போவது?

பத்து வராத பிள்ளைக்கும் மெட்ரிக் வரலாம், வராமலும் போகலாம். மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் உறுதியில்லை. கிடைத்தாலும் அதன் வேகத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அறிவியலும் கணிதமும் அங்கே ஆங்கிலத்தில் நடக்கும். தேசிய இடைநிலைப் பள்ளியில் பௌதிகத்தை மலாயில் படித்த பிள்ளைக்குப் பாடமும் புதிது, மொழியும் புதிது. அவள் நிதானத்துக்கு வருவதற்குள் முதல் செமஸ்டர் முடிந்துவிடும். ஈடுகட்ட மீதமிருப்பது ஒரே ஒரு செமஸ்டர். அதிலும் சறுக்கினால் கையில் இருப்பது பழைய எஸ்பிஎம் சான்றிதழ்தான். மெட்ரிக் என்பது அடிப்படையில் உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான பாலம். பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால் இறங்க இடம் குறைவு.

ஆறாம் படிவம், அதாவது எஸ்டிபிஎம், நம் ஊரில் அநியாயத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிவிட்டது. "மறுபடியும் பள்ளிக்கூடமா?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். "ரொம்பக் கஷ்டமாம்" என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள். கஷ்டம்தான், மறுக்க மாட்டேன். ஆழமாகக் கேட்பார்கள், மெட்ரிக்கில் 4.00 எடுப்பதைவிட இங்கே எடுப்பது கடினம் என்று பல காலமாகவே பேச்சு உண்டு. யூபியூவில் இரண்டுக்கும் மெரிட் கணக்கு அதே 90-ம் 10-ம் தான் என்பதால் வரும் மனக்கசப்பு நியாயமானது.

ஆனால் சறுக்கினால் எழ முடியுமா என்று பார்த்தால், ஆறாம் படிவத்துக்கு ஈடான வழி வேறில்லை. 2012-இலிருந்து தேர்வு மூன்று பருவங்களாகப் பிரிந்துவிட்டது. மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. பொறியியலுக்குப் போகிறவர் எடுப்பது பொதுப்பாடமான பெங்காஜியான் அம், கணிதம் டி, பௌதிகம், இரசாயனம். முதல் பருவத்தில் கணிதம் காலை வாரிவிட்டால், பின்னால் அந்தத் தாளை மறுபடி எழுதிப் புள்ளியை உயர்த்திக்கொள்ள வழி இருக்கிறது. அறிவியல், கணிதக் கேள்வித்தாள்கள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் வருகின்றன, மொழி மாற்றம் மெல்ல நடக்கிறது. முடித்தால் கிடைப்பது மலேசியத் தேர்வு மன்றத்தின் சான்றிதழ். உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகம், தனியார், வெளிநாடு எல்லாவற்றுக்கும் அது செல்லும். பொறியியல் இடம் வரவில்லையென்றாலும் வேறு பட்டத்துக்கு அதே சான்றிதழோடு போகலாம்.

செலவு என்று பார்த்தால் பஸ் காசும் புத்தகமும்தான் பெரிது. ஒரு சிக்கல் உண்டு: எல்லாப் பள்ளியிலும் ஆறாம் படிவம் இல்லை, அறிவியல் பிரிவு இருக்கும் பள்ளி இன்னும் குறைவு. தோட்டத்தின் உள்ளே குடியிருப்பவர்களுக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் பிள்ளையை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து மெயின்ரோட்டில் விடுகிற கடமை ஒன்றரை ஆண்டுக்கு நீளும். அதை முன்கூட்டியே வீட்டில் பேசி, யார் விடுவது, யார் அழைத்து வருவது என்று முடிவு செய்யாமல் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். இரண்டாம் பருவத்தில் நின்றுபோகிற பிள்ளைகளில் பலர் படிப்பு வராமல் நிற்பதில்லை, போக்குவரத்தில் களைத்து நிற்கிறார்கள்.

எனவே என் தீர்ப்பு இது. கூடுதல் கணிதத்திலும் பௌதிகத்திலும் உறுதியான ஏ, ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டும் இருந்து மெட்ரிக் அழைப்பும் வந்தால் யோசிக்காமல் போகட்டும். இரண்டில் ஒன்று ஆட்டம் கண்டால், அழைப்பு வந்திருந்தாலும் ஆறாம் படிவத்தை நான் மேலாக நினைப்பேன். மேல்முறையீட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை வீட்டில் உட்காரக் கூடாது, ஆறாம் படிவ வகுப்பில் உட்கார்ந்தே காத்திருக்க வேண்டும்.

போலிடெக்னிக் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இலிருந்து ஈப்போவில் இருக்கிறது. நமக்கு ஒரு பஸ் தூரம். எஸ்பிஎம்மில் கணிதம் உட்பட மூன்று கிரெடிட் (சி-யும் அதற்கு மேலும்) இருந்தால் சிவில், மின்சாரம், இயந்திரம் ஆகியவற்றில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம், செமஸ்டருக்குக் கட்டணம் 200 வெள்ளி (ரிங்கிட்). கூடுதல் கணிதத்தில் சி வாங்கிய, ஆனால் பழுதான பம்பைப் பிரித்துப் பார்க்காமல் தூங்காத பையனை வலுக்கட்டாயமாக ஆறாம் படிவத்தில் தள்ளுவது அவனுக்குச் செய்யும் கெடுதல். முடிக்க ஏறக்குறைய மூன்று ஆண்டு, முடித்த அன்று கையில் டிப்ளோமா, வேலைக்கும் போகலாம், பட்டத்துக்கும் போகலாம். யூடிஎச்எம், யூடெம், யூனிமாப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் டிப்ளோமாக்காரர்களை எடுக்கின்றன, சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கலாம். குறை, காலம் நீள்வது. பட்டம் கைக்கு வரும்போது மெட்ரிக் வழியாகப் போன வகுப்புத் தோழி வேலையில் அமர்ந்திருப்பாள். இடையில் நின்றாலும் பின்னால் சேர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் வேலைக்குப் போய் அப்படியே தங்கிவிடுகிற பையன்கள் அதிகம். டிப்ளோமா முடிந்த கையோடு பட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்று முன்பே தீர்மானித்துக்கொண்டால் அந்தப் பள்ளம் இல்லை.

தனியார் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பாரில் யூடார், ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம், கெடாவில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான மஇகாவின் கல்விக் கரமான எம்ஐஇடி தொடங்கிய ஏய்ம்ஸ்ட். தரத்தில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் உபகாரச் சம்பளம் கையில் எழுத்தில் வராமல் அடித்தளக் கல்விக்கு முன்பணம் கட்டாதீர்கள். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் பிள்ளையின் தலையில், மீதிக்கு அடகு வைத்த நகை அம்மாவின் தலையில். இரண்டாம் ஆண்டில் சறுக்கினால் மிஞ்சுவது கடன் மட்டும்.

இந்தியாவுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாகத் தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள். வெளிநாட்டு மாணவர்க்கான டாசா திட்டத்தில் திருச்சியின் தேசியத் தொழில்நுட்பக் கழகம் (என்ஐடி) போன்ற இடங்களுக்குப் போக இப்போது அங்குள்ள பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுத வேண்டும்: மூன்று மணி நேரம், 300 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. கட்டணம் அமெரிக்க டாலரில். அந்தப் பாடத்திட்டம் எஸ்பிஎம் அளவைத் தாண்டியது, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதியும் தேவை. ஆக, அந்த வழிக்கும் முதல் படி பெரும்பாலும் ஆறாம் படிவமே. நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

எந்தப் பல்கலைக்கழகமானாலும், சேரும் முன் அந்தப் படிப்புக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின், அதாவது இஏசியின், அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009-இலிருந்து முழு உறுப்பினர் என்பதால், அந்தப் பட்டம் பல நாடுகளில் மதிக்கப்படும். பொறியியல் பட்டம் வேறு, பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் வேறு. பெயர் ஒன்றுபோல இருக்கும், பின்னால் பதிவு செய்துகொள்ளும் வழி மாறும்.

இத்தனை ஒப்பீடும் ஐந்தாம் படிவத்துக்குப் பிறகுதான் என்று நினைக்க வேண்டாம். வழிகள் பிரிவது நான்காம் படிவத் தொடக்கத்தில், பாடம் தேர்ந்தெடுக்கும் வாரத்தில். கூடுதல் கணிதத்தை எடுக்காத பிள்ளைக்கு மேலே சொன்னவற்றில் போலிடெக்னிக் தவிர மற்றவை ஏறக்குறைய அடைபட்டுவிடும். எடுத்த பிள்ளைக்கும் முதல் சோதனையில் இருபது மதிப்பெண் வருவது வழக்கம்தான், அதைப் பார்த்துவிட்டுப் பாடத்தை மாற்றச் சம்மதிக்காதீர்கள். மூன்றாம் படிவ இயற்கணிதம் ஓட்டையாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம், அதைத் தைத்துவிட்டால் மதிப்பெண் ஏறும். நம் இந்திய மாணவர்களுக்காக 1982-இலிருந்து நடக்கும் ஸ்ரீ முருகன் நிலைய டியூஷன் வகுப்புகள் எட்டும் தூரத்தில் இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக் கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை உட்கார வையுங்கள். பழைய கேள்வித்தாள், ஒரு வெண்பலகை, கணிதம் தெரிந்த ஓர் அண்ணனோ அக்காவோ போதும். அந்த அக்கா போலிடெக்னிக்கில் படித்தவராக இருந்தாலும் பரவாயில்லை, வாரம் தவறாமல் வருகிறவராக இருக்க வேண்டும்.